கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசை அடையாளம் காண்பது எப்படி?

4ஆம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசு கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அதை விடுங்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கும் அவர் மகன்களுக்கும் காசில் கிட்டத்தட்ட ஒரே முகம். ஆளைக் காட்டிக்கொடுப்பது எழுத்தும் பின்பக்கப் படமும்தான்.

1. சுத்தம்
டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போடுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். இளகிய மண்ணை மூங்கில் பல்குச்சியால் தள்ளினால் போதும். பூஜைச் சாமான் தேய்ப்பது போலப் புளி, எலுமிச்சை பக்கம் போகவே வேண்டாம். தேய்ந்த காசில் அந்தப் பச்சைப் படலத்தில்தான் எழுத்தே நிற்கிறது.

2. வெளிச்சம்
டேபிள் லாம்ப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்தான் என் தேர்வு. யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் ஒரு எழுத்தைப் பெரிதாக்கும், வரியைக் காட்டாது.

3. பெயர்
இங்கே அவசரப்படக் கூடாது. லத்தீன் எழுத்து பெரும்பாலும் மார்பளவு உருவத்துக்கு இடப்பக்கம் கீழே தொடங்கிக் கடிகாரச் சுற்றில் போகும். ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும். கான்ஸ்டன்டைன், அவர் மகன்கள் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் மூவருக்கும் முதல் ஏழு எழுத்து ஒன்றே. ‘சி’யிலிருந்து எண்ணுங்கள். எட்டாவது ‘எஸ்’ என்றால் கான்ஸ்டன்ஸ். ‘டி’ என்றால் பத்தாவதைப் பாருங்கள்: ‘என்’ வந்தால் கான்ஸ்டன்டைன், ‘வி’ வந்தால் கான்ஸ்டன்டியஸ்.

கான்ஸ்டன்டைன் என்றே வந்தாலும் அப்பாவா, அதே பெயர் கொண்ட மகனா? வரியின் முடிவில் ‘என் ஓ பி சி’ இருந்தால் சீசர், அதாவது இளைய ஆட்சியாளர், பட்டம் பெற்ற மகன். ‘ஏ வி ஜி’ இருந்தால் அகஸ்டஸ், அதாவது பேரரசர். ஆனால் 337இல் அப்பா இறந்ததும் மகன்களும் அகஸ்டஸ் ஆகிவிட்டார்கள். அப்போது காசைத் திருப்ப வேண்டியதுதான்.

4. பின்பக்கம்
இரண்டு வீரர்கள், நடுவே படைக்கொடி: இது ‘குளோரியா எக்ஸர்கிடஸ்’, படையின் பெருமை. 330 முதல் இரண்டு கொடிகள். 335 வாக்கில் காசின் எடையைக் குறைத்தபோது கொடியும் ஒன்றானது. ஆகவே ‘ஏ வி ஜி’யோடு இரண்டு கொடி இருந்தால் பெரும்பாலும் அப்பாதான். யாரை நம்பி அரியணையில் இருக்கிறோம் என்பதைச் சந்தையில் புழங்கும் சில்லறையிலேயே பேரரசர் சொல்லிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த பின்பக்கம் இதுதான்.

விழுந்த குதிரைவீரனை ஈட்டியால் குத்தும் படைவீரன் என்றால் 348க்குப் பிறகு வந்த காசு.

5. நாணயச்சாலை
படத்துக்கு அடியில், கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துகள் ஊரைச் சொல்லும். ‘எஸ் எம் ஏ என்’ அந்தியோக்கியா, ‘எஸ் எம் ஏ எல்’ அலெக்சாந்திரியா, ‘டி ஆர்’ ட்ரியர். இதற்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்து பட்டறையின் அடையாளம்.

பின்சேர்க்கை: தலைக்கவசம் போட்ட முகம், பேரரசர் பெயரே இல்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும் இருந்தால் முன்பக்கம் ரோமா தேவி; கப்பல் முனையில் சிறகுள்ள வெற்றித் தேவி நின்றால் அது கான்ஸ்டான்டிநோபிள் நகரின் உருவம். 330இல் கான்ஸ்டான்டிநோபிள் திறப்பு விழாவை ஒட்டி, புதுத் தலைநகருக்கு ஒன்று, பழைய ரோமுக்கு ஒன்று என்று இணையாக வந்தவை.

இன்னொன்று: இலங்கையில் கிடைத்த காசில் எழுத்து வெறும் கோடுகளாக இருந்தால், பல்குச்சியை எடுக்காதீர்கள். ரோமானியக் காசுகளைப் பார்த்து அங்கேயே அடித்த பிரதிகள் நிறைய உண்டு. அவற்றில் படிக்க எழுத்தே இருக்காது.