மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து தொலைதூர மத்திய அலை நிலையங்களைக் கேட்பது எப்படி?

பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தென்னந்தோப்புக்கு அப்பால் கடல் தெரியும். நான்கு ஆண்டுகளாக இரவில் அந்த மாடியில் அமர்ந்து, வெகுதொலைவிலுள்ள மத்திய அலை நிலையங்களைத் தேடிக் கேட்டு வருகிறேன். வானொலி நேயர்கள் இதை டிஎக்ஸிங் என்பார்கள். தொடங்க விரும்பும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், எனக்குப் பலன் தந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

இராமநாதபுரம் கரையில் வசிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பகலில் மத்திய அலை தரையை ஒட்டித்தான் செல்லும். காய்ந்த மண் அதை விரைவாக விழுங்கிவிடும். உப்பு நீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலை வலுக் குன்றாமல் நெடுந்தொலைவு போகும். எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கிறது இலங்கையின் புத்தளம். அங்குள்ள 400 கிலோவாட் அலைபரப்பி 882 கிலோஹெர்ட்ஸில் இயங்கும்போது நண்பகலிலும் இங்கே தெளிவாகக் கேட்கிறது. நம் பெற்றோர் இலங்கை வானொலியை உள்ளூர் நிலையம்போலக் கேட்டதற்கும் இந்த உப்பு நீரே காரணம். பொழுது சாய்ந்ததும், வளிமண்டலத்தின் உயரத்தில் வெயிலால் உருவாகி, பகலில் மத்திய அலையை உறிஞ்சும் டி அடுக்கு மறைந்துவிடுகிறது. அதற்கும் மேலுள்ள அடுக்குகளில் பட்டு அலை திரும்பி வருவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையங்களும் வந்து சேர்கின்றன.

முதலில் வானொலிப் பெட்டி. முள் நகரும் பழைய டிரான்சிஸ்டர் பெட்டிகள் மீது எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. ஆனாலும் புதிதாகத் தொடங்குவோருக்கு, அலைவரிசையை எண்ணாகக் காட்டும் சிறிய பெட்டியையே பரிந்துரைப்பேன். முள்ளை வைத்துக்கொண்டு 873ஐயும் 882ஐயும் பிரித்தறிவது அனுபவப்பட்டவருக்கே கடினம். டெக்சன் நிறுவனத்தின் கையடக்கப் பெட்டிகளில் ஒன்று இருந்தால் போதும். மின்னில் இயங்கும் ஆன்டெனா பெருக்கிகளைத் தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம். அவை நிலையத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

பெட்டி கைக்கு வந்ததும் அலைவரிசைப் படியை, அதாவது ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் பெட்டி எத்தனை கிலோஹெர்ட்ஸ் தாவுகிறது என்பதை, சரிபாருங்கள். நான் இரண்டு வாரம் தடுமாறியது இந்த இடத்தில்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் இந்த இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். என் முதல் பெட்டி 10க்கு அமைக்கப்பட்டு வந்திருந்தது. அன்றிரவு சென்னை 720ஐ வைத்துப் பார்த்தேன், மிகத் தெளிவாக இருந்தது. திருச்சூர் 630ம் அப்படியே. ஆகவே பெட்டியில் குறை இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் திருச்சிராப்பள்ளி 936 அமுங்கிப்போய்க் கேட்டது, தூத்துக்குடி 1053 கரகரத்தது, புத்தளத்தின் பேச்சு புரியவே இல்லை. பெட்டியைக் கழற்றி, ஆன்டெனாச் சுருளின் இணைப்புகளை மறுபடியும் பற்றவைத்தும் பயனில்லை. ஒருநாள் குறிப்பேட்டில் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. 720, 630 இரண்டும் 9ஆலும் வகுபடும், 10ஆலும் வகுபடும். மற்ற நிலையங்களுக்கு என் பெட்டி 940, 1050, 880 என்று தள்ளியே நின்றுகொண்டிருந்தது. எனவே 540, 630, 720, 810 போன்ற 90இன் மடங்குகளில் உள்ள நிலையத்தை வைத்துப் பெட்டியைச் சோதிக்காதீர்கள். படியை மாற்றும் முறை பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் என்பதால் கையேட்டைப் பார்த்து 9க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, வீட்டு இரைச்சலைக் குறைக்க வேண்டும். பெட்டியை மின்கலத்தில் இயக்கி, எந்த நிலையமும் இல்லாத ஓர் அலைவரிசையில் நிறுத்திவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி விளக்கு, கைபேசி சார்ஜர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என ஒவ்வொன்றாக நிறுத்திக் கண்டுபிடிக்கலாம். தெரு முழுவதும் மின்சாரம் நின்றுபோகும் இரவு கிடைத்தால், மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு மாடிக்குச் செல்லுங்கள். கம்பி போட்ட கான்கிரீட் கூரையின் கீழ் அமர்ந்து கேட்பதால் பயனில்லை.

இப்போது இந்தக் கலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். தொலைவிலுள்ள நிலையத்தைக் கேட்பதென்பது பெரும்பாலும் அருகிலுள்ள நிலையத்தை அடக்குவதுதான். பெட்டியில் நீட்டி இழுக்கும் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டுமே உதவும். மத்திய அலையை வாங்குவது உள்ளே படுக்கையாக இருக்கும் ஃபெரைட் தண்டு. தண்டின் பக்கவாட்டிலிருந்து வரும் அலை வலுவாகவும், அதன் முனை நோக்கும் திசையிலிருந்து வரும் அலை மிக மெலிதாகவும் கேட்கும். மாடியில் மர முக்காலி ஒன்றை வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்து, பகலில் 1053இல் தூத்துக்குடியைக் கேட்டுக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். நீண்ட நேரம் மாற்றமே தெரியாது. பிறகு, கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்கும் குறைவான திருப்பத்தில், அந்த 200 கிலோவாட் குரல் கிசுகிசுப்பாக இறங்கிவிடும். அந்த இடத்தை விரைந்து கடந்தால் தவறவிடுவோம். தண்டு நோக்கும் திசையில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி தென்மேற்கே, புத்தளம் தென்கிழக்கே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ செங்கோணம். ஆகவே தூத்துக்குடியை அடக்கும் அதே நிலையில் புத்தளம் முழு வலுவுடன் கேட்கும். இரவில் 1044, 1062 ஆகிய பக்கத்து அலைவரிசைகளில் மெல்லிய குரல்களைத் தேடும்போதும் அந்தக் கோடுதான் கைகொடுக்கும். வானிலிருந்து இறங்கி வரும் அலைகள் இவ்வளவு கூர்மையாக அடங்குவதில்லை. எனவே பயிற்சியைப் பகலில் செய்யுங்கள்.

இவ்வளவும் கைவந்த பிறகு சட்ட ஆன்டெனா செய்யலாம். 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர மரச்சட்டத்தில், எனாமல் பூசிய செம்புக்கம்பியை 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 12 அல்லது 13 சுற்று சுற்ற வேண்டும். ஏறத்தாழ 30 மீட்டர் கம்பி தேவைப்படும். அதன் இரு முனைகளையும் பழைய வால்வு ரேடியோவில் நிலையத்தைத் திருகிப் பிடிக்க உதவும் கேங் கண்டென்சரில் இணையுங்கள். மத்திய அலையின் கீழ்க்கோடியான 531 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கவில்லையென்றால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். பெட்டிக்கும் சட்டத்துக்கும் கம்பித் தொடர்பு வேண்டியதில்லை. சட்டத்தின் தளத்துக்குக் குறுக்காக ஃபெரைட் தண்டு இருக்கும்படி பெட்டியை அருகில் வைத்து, கேங்கைத் திருகினால் ஓரிடத்தில் ஒலி பொங்கி எழும். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கியிருக்க வேண்டும். இந்த அமைப்பில்தான் ஒரு ஜனவரி இரவில், சுமார் 5500 கிலோமீட்டர் தொலைவில் தென்கொரியாவின் ஜேஜு தீவிலிருந்து 1566 கிலோஹெர்ட்ஸில் 250 கிலோவாட் வலுவுடன் ஒலிபரப்பாகும் எச்எல்ஏஇசட் நிலையத்தைக் கேட்டேன். பாட்டு மேலெழுந்து, தேய்ந்து, மறுபடியும் மேலெழுந்த அந்தச் சில நிமிடங்கள் நான் அசையாமல் அமர்ந்திருந்தேன்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மின்னல்கள் அலைவரிசை முழுவதும் படபடவென்று வெடிக்கும். தை, மாசி மாதங்களே எனக்குச் சிறந்த பலன் தந்தவை. இடி கேட்டால் மாடியை விட்டு உடனே இறங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: தொண்டியிலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், மூன்று மாதத்தில் தம் சட்ட ஆன்டெனா வலுவிழந்துவிட்டதாகச் சொன்னார். இணைப்புகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முறுக்கி மட்டும் விட்டிருந்த கம்பிமுனைகளில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எனாமலை நன்றாகச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே நகப்பூச்சு தடவச் சொன்னேன். இப்போது சரியாக இயங்குகிறது. கேங்கை இரவில் மாடியிலேயே விட்டுவிடாமல் மூடியுள்ள டப்பாவில் வைப்பதும் அவசியம்.

கேட்டதை அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதுங்கள். அலைவரிசை, நேரம், கேட்ட மொழி, நிகழ்ச்சியின் விவரம் ஆகியவற்றை நிலையத்துக்கு அனுப்பினால், சில நிலையங்கள் உறுதிசெய்து கியூஎஸ்எல் அட்டை அனுப்புவார்கள். நிலையத்தின் பெயர் பெரும்பாலும் மணி தொடங்கும்போது சொல்லப்படும் என்பதால், அதற்கு இரண்டு நிமிடம் முன்பே பதிவு செய்யத் தொடங்குங்கள். கடிதத்தில் உலகப் பொது நேரத்தைக் குறிப்பிட வேண்டும்; நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் அது கிடைக்கும். தேதியும் சில சமயம் பின்னால் போகும் என்பதை மறவாதீர்கள்: 12ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு நாம் கேட்டது, அந்தக் கணக்கில் 11ஆம் தேதி இரவு 8.30.