நீலகிரியில் குழந்தைகளோடு தங்க தீம் ரிசார்ட்: பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

மரவீடு, தேயிலைத் தோட்ட பங்களா, காட்டு முகாம் என எதுவானாலும் முதலில் உயரத்தைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர்; டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். மசினகுடி ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். கைக்குழந்தை இருந்தால் அதுவே இதம்.

மரவீட்டுக்குப் படங்களை மட்டும் நம்பாதீர்கள். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, கழிப்பறை மேலேயே உண்டா என்று போனில் கேளுங்கள். வெந்நீருக்கு சோலார் மட்டும் என்றால் மழைமூட்டத்தில் தண்ணீர் சூடாகாது, கீசர் அவசியம். குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு தருகிறோம் என்றால் வேறு இடம் பாருங்கள். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

பந்திப்பூர் வழியாக வருவோருக்கு இரவு 9 முதல் காலை 6 வரை சாலை அடைப்பு. வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழையத் தேவையான இ-பாஸை (இணைய அனுமதிச் சீட்டு) முன்பே எடுத்துவிடுங்கள்.