‘ஜவ்வு தேஞ்சிருக்கு’ – எந்த ஜவ்வு?

முழங்கால் வலி என்று போனால் ‘ஜவ்வு தேஞ்சிருக்கு’ என்பார்கள். முதுகு வலிக்கு ‘ஜவ்வு விலகியிருக்கு’. பந்தாடும்போது கால் மடங்கினால் ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு’. முதலாவது குருத்தெலும்பு, அடுத்தது முதுகெலும்பு வட்டு, மூன்றாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார். எலும்பை உண்மையாகவே போர்த்தியிருக்கும் சவ்வு இது எதுவும் இல்லை. அதன் பெயர் பெரியாஸ்டியம். எலும்புறை என்றும் சொல்லலாம்.

எலும்பு முழுவதையும் அது மூடியிருக்கிறது என்று நினைப்பது அடுத்த தவறு. ஆட்டுத் தொடையெலும்பின் தண்டைக் கத்தி முனையால் சுரண்டினால் வெள்ளையாக ஒரு மெல்லிய தோல் உரியும், அதுதான் எலும்புறை. குமிழ் முனையில் சுரண்டிப் பாருங்கள், உரியாது. அங்கே வழவழவென்று இருப்பது குருத்தெலும்பு. ஆக, மூட்டில் எலும்போடு எலும்பு உரசும் பரப்பில் எலும்புறையே கிடையாது.

வெறும் உறைதானே என்று ஒதுக்கவும் முடியாது. வெளியடுக்கில் கொலாஜன் நார்களும் ரத்தக்குழாய்களும் நரம்புகளும். உள்ளடுக்கில் புது எலும்பை உண்டாக்கும் செல்கள். இங்கேதான் மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். எலும்புறையால் எலும்பு பருக்கும், நீளாது. நீளம் கூடுவது முனைகளுக்கு அருகிலுள்ள வளர்ச்சித் தட்டுகளில். 18ஆம் நூற்றாண்டில் துஹாமெல் என்ற பிரெஞ்சுக்காரர் இளம் விலங்குகளின் எலும்பைச் சுற்றி, உறைக்கு அடியில், வெள்ளிக் கம்பி வளையம் மாட்டினார். பிறகு அறுத்துப் பார்த்தால் வளையம் எலும்புக்குள் புதைந்து கிடந்தது. மேலே புது எலும்பு படிந்துகொண்டே வந்திருக்கிறது!

‘எலும்புக்கு ஏது உணர்ச்சி’ என்பவர்கள் இருட்டில் ஒருமுறை கட்டில் சட்டத்தில் முன்னங்காலை இடித்துக்கொண்டால் போதும். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை இல்லை. அடி நேராக, நரம்பு நிறைந்த எலும்புறையில் விழுகிறது.

எனக்குக் கோபம் வருவது குழந்தைகள் விஷயத்தில்தான். அவர்களுக்கு எலும்புறை தடிமனாக இருக்கும். பச்சைக் குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் பிளந்து, மறுபக்கம் பட்டையோடு பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்படித்தான் அந்த எலும்பும் முறிகிறது. கை பெரிதாகக் கோணாததால் ‘வெறும் சுளுக்கு’ என்று எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள். அடிபட்ட முழங்கையை நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து, கையை மடக்க முடியாமல் போவதும் உண்டு. எக்ஸ்ரே பார்க்கும்வரை எண்ணெய்ப் புட்டியைத் தொடாதீர்கள்.