அமெரிக்க அரசுப் பள்ளியில் பிள்ளையின் மத உரிமை: பெற்றோர் செய்யும் தவறுகள்

"ஸ்கூல்ல சாமி பேச்சே எடுக்காதே." இப்படிச் சொல்லிப் பிள்ளையை வீட்டிலேயே அடக்கிவிடுவதுதான் முதல் தவறு. என் பார்வையில் பெரிய தவறும் அதுதான். பள்ளியில் பிரார்த்தனையே கூடாது என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். எங்கல் எதிர் விட்டாலே என்ற அந்த வழக்கில் தடுக்கப்பட்டது, நியூயார்க்கில் அரசு அதிகாரிகள் எழுதிக் கொடுத்து பள்ளிகள் நடத்திய பிரார்த்தனை. சாப்பிடும் முன் ஒரு பிள்ளை தானாகக் கண்மூடிக் கும்பிடுவதை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

பேசுவது பள்ளியா, மாணவரா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் வழக்கில் (டிங்கர், 1969), பள்ளி வாசலோடு பேச்சுரிமை முடிந்துவிடாது என்றது நீதிமன்றம். கட்டுரையில் பிள்ளை தன் நம்பிக்கையை எழுதலாம். மதிப்பெண்ணை எழுத்தின் தரம்தான் முடிவு செய்ய வேண்டும், மதம் அல்ல.

அதற்காக, மாணவர் வாயிலிருந்து வந்தால் எல்லாமே சரி என்று நினைப்பதும் தவறு. டெக்சாஸின் சான்டா ஃபேயில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிக்கு முன் மாணவரே மைக்கில் பிரார்த்தனை செய்யும் ஏற்பாடு செல்லாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மைக், மைதானம், நிகழ்ச்சி எல்லாமே பள்ளியுடையவை.

அப்புறம் கிளப் விஷயம். 1984-ன் சம அணுகல் சட்டப்படி, மத்திய அரசின் நிதி பெறும் உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு தொடர்பில்லாத ஒரே ஒரு கிளப்பை அனுமதித்தாலும் மத கிளப்பை மதத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆனால் அதை மாணவர்களே தொடங்கி நடத்த வேண்டும். ஆர்வக்கோளாறில் பெற்றோர் வாராவாரம் போய் உட்கார்ந்து வழிநடத்தினால் சட்டம் தரும் பாதுகாப்பே கையைவிட்டுப் போகும். தொடக்கப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஹிஜாப், பட்கா (சீக்கியப் பிள்ளைகள் அணியும் தலைத்துணி), பண்டிகை விடுப்பு போன்றவற்றில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் (வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) மாறும். ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்தால் பிறகு ஆதாரம் இருக்காது. பள்ளியின் விதிக் கையேட்டைப் படித்துவிட்டு முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். தனியார் பள்ளியில் இதே உரிமைகளை எதிர்பார்க்க வேண்டாம். பேச்சுரிமையையும் மத உரிமையையும் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான்.

நெற்றித் திருநீற்றைச் சக மாணவர்கள் கேலி செய்தால் "கண்டுக்காதே" என்று விட்டுவிடாதீர்கள். தேதியோடு எழுதி முதல்வரிடம் கொடுங்கள், நகர்வு இல்லையென்றால் டிஸ்ட்ரிக்ட்டிடம். அதற்கும் மேலே அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறையில் உள்ள குடிமை உரிமைகள் பிரிவு (Civil Rights Division) அரசுப் பள்ளிகளில் நடக்கும் மதப் பாகுபாட்டுப் புகார்களைப் பெறுகிறது.