டேனரியில் ரசாயனம்: புதிய சூப்பர்வைசர் முதலில் செய்ய வேண்டியவை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், புதிதாகச் சேர்ந்தால், தோலைப் பதனிடும் குரோமியத்தைப் பற்றித்தான் எல்லாரும் எச்சரிப்பார்கள். அது மெல்ல மெல்லக் கெடுப்பது. நின்ற இடத்திலேயே ஆளைச் சாய்ப்பது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. இது மூட்டையில் வந்து இறங்குவதில்லை, நம் கையாலேயே உருவாகிறது. அதனால் தடுக்கவும் நம்மால் முடியும்.

படி 1. ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் எம்.எஸ்.டி.எஸ். எனும் ரசாயனப் பாதுகாப்பு விவரத் தாளை சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். முதலில் 10-ஆம் பகுதி: எது எதோடு சேரக் கூடாது என்று அதில்தான் இருக்கிறது. அப்புறம் முதலுதவி சொல்லும் 4, கையுறை, கண்ணாடி பற்றிய 8.

படி 2. முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். தோலை அமிலக் கரைசலில் ஊறவைக்கும் பிக்கிளிங்கில் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும். சல்பைடும் அமிலமும் சந்தித்தால் அந்த வாயு கிளம்பும். இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். அளக்கும் மக், பக்கெட் கூடத் தனி. சுண்ணாம்பு நீக்கும்போதும் தோலில் தங்கிய சல்பைடு வாயுவாகும் என்பதால், அதற்கு முன் நன்றாக அலச வேண்டும். அடுத்து, கழிவுநீர் வாய்க்காலைக் கடைசிவரை நடந்தே பாருங்கள். சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் எங்காவது கலந்தால் அன்றைக்கே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் படிதான்.

படி 3. மூக்கை நம்பாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் மோப்ப நரம்பே மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தடுத்து நிறுத்துங்கள். எட்டு மணி நேர வேலைக்குப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வைத்திருந்த வரம்பு வெறும் 10 பி.பி.எம். அதை வாயு அளக்கும் மீட்டர்தான் காட்டும்.

படி 4. கழிவுநீர்த் தொட்டி. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். சேற்றைக் கிளறினால் மேலும் வெளியேறும். ஆளை இறக்காமல் பம்பு வைத்து எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்து மூல அனுமதி, காற்றோட்டம், மீட்டரை இறக்கி மேலே, நடுவே, அடியில் அளவு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. இறங்குபவர் உடம்பில் பட்டையும் கயிறும், மேலே இழுத்தெடுக்க வசதியும், நகராமல் நிற்கும் ஒரு ஆளும் வேண்டும். துணி மாஸ்க் இங்கே எதற்கும் உதவாது.

உள்ளே ஒருவர் மயங்கினால் இரண்டாவது ஆள் குதிக்கவே கூடாது. காப்பாற்றப் போனவர்கள் அடுத்தடுத்து இறப்பது இப்படித்தான். கயிற்றால் இழுங்கள், 108-ஐயும் தீயணைப்பு நிலையத்தையும் அழையுங்கள். மூச்சுக்கருவி அணிந்தவர் மட்டுமே இறங்கலாம். இதை வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, அவரவர் மொழியில் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.