155 சிசி ஸ்கூட்டரை அன்றாடம் ஓட்டுவோருக்கு

நூற்றுப் பத்து சிசி ஸ்கூட்டரிலிருந்து யமஹா ஏராக்ஸ் 155 போன்ற வண்டிக்கு மாறுகிறவர் முதலில் அறிய வேண்டியது, கைப்பிடியைத் திருகும் பழைய பழக்கம் இங்கே செல்லாது என்பதே. 2021 செப்டம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்த இந்த வண்டியின் எஞ்சின், திரவக் குளிரூட்டலுடன் சுமார் 15 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) திறன் தருகிறது. வழக்கமான குடும்ப ஸ்கூட்டர் தருவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அது.

வாங்குவதற்கு முன் உங்கள் அன்றாடச் சுமையை நினைத்துப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தின் நடுவே மேடு எழுந்து நிற்பதால், சமையல் எரிவாயு உருளையையோ அரிசி மூட்டையையோ காலடியில் வைக்க முடியாது. இருக்கையின் கீழ் 24.5 லிட்டர் இடம் உண்டு. இருக்கை 790 மி.மீ. உயரம் என்பதால், உயரம் குறைந்தவர்கள் கடையிலேயே உட்கார்ந்து, இரு கால்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் தொட்டி 5.5 லிட்டர்தான், லிட்டருக்கு 40 கி.மீ. கிடைப்பதாகக் கொண்டாலும், 150 கி.மீ. ஓடியதும் நிரப்பிவிடுவது நல்லது.

ஓட்டும் முறையில்தான் அதிகக் கவனம் தேவை. கியர் இல்லாத வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் எஞ்சின் நம்மை இழுத்துப் பிடிப்பது குறைவு. வேகம் மிகக் குறையும்போது, எஞ்சினைச் சக்கரத்தோடு இணைக்கும் தானியங்கி கிளட்ச் விலகிவிட, அந்தச் சிறிதளவு பிடிப்பும் போய்விடும். அதனால்தான் நெரிசலான தெருவில் வளைந்து திரும்பும்போது வண்டி தள்ளாடுகிறது. இடக்கைப் பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்தபடி திரும்பினால் வண்டி நிலைகொள்ளும். இதைக் காலி மைதானத்தில் ஒரு வாரமாவது பழகுங்கள். ஆனால் சிக்னல் வரிசையில் இதே முறையில் நெடுநேரம் ஊர்ந்துகொண்டிருந்தால் கிளட்ச் சூடேறி அதிரத் தொடங்கும். நிற்க வேண்டிய இடத்தில் முழுமையாக நின்றுவிடுவதே நல்லது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டுமே உண்டு. பின்சக்கரத்தில் இருப்பது ஏபிஎஸ் இல்லாத டிரம் பிரேக் என்பதால், மணல் சிதறிய சாலையில் அதை மட்டும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்கும். எனவே இரு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தக் கை பழக வேண்டும். பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும்போது நிற்கும் தூரம் கூடுகிறது என்பதால், முன்செல்லும் வண்டியிலிருந்து இன்னும் விலகியே செல்லுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள தலைக்கவசத்தை இருவரும் அணிய வேண்டும். இதில் நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன்.

சென்னையின் மழைக்காலத்தில், தேங்கிய நீரின் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கி, எஞ்சின் இரைந்தாலும் வண்டி நகராது. நீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் இயக்க முயலாமல் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எஞ்சின் ஆயிலோடு, பின்சக்கரத்தருகே உள்ள பல்சக்கரப் பெட்டிக்கான கியர் ஆயிலையும் குறித்த காலத்தில் மாற்றச் சொல்லுங்கள், பலர் மறப்பது அதைத்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் எனும் குளிரூட்டும் திரவத்தின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், கையேடு சொல்லும் கூலன்டையே நிரப்புங்கள். பெல்ட்டும் அது சுழலும் கப்பியில் உள்ள ரோலர்களும் தேய்ந்திருப்பது, புறப்படும்போது ஏற்படும் நடுக்கத்திலும் முன்பு போல் வேகம் எடுக்காமையிலும் தெரியவரும்.