மறைந்துபோன மக்களவைத் தொகுதியின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி? நாகர்கோவிலை வைத்து ஒரு வழிகாட்டி

2008 தொகுதி மறுசீரமைப்பில் தமிழ்நாட்டில் பல மக்களவைத் தொகுதிகளின் பெயர்கள் இல்லாமல் போயின. நாகர்கோவில், திருச்செந்தூர், சிவகாசி, பெரியகுளம், பழநி, கோபிசெட்டிபாளையம், திருச்செங்கோடு, ராசிபுரம், புதுக்கோட்டை, திண்டிவனம், வந்தவாசி, செங்கல்பட்டு, திருப்பத்தூர் எல்லாம் அப்படிப் போனவை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இவற்றில் ஒன்றில் ஓட்டுப் போட்டவர்களாக இருந்து, அந்தத் தொகுதியின் கதையை எழுதிவைக்க நீங்கள் நினைத்தால், இந்தக் குறிப்புகள் உதவும். நான் குமரி மாவட்டத்துக்காரன். அதனால் நாகர்கோவிலை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை எல்லையைப் பிடிப்பது. வென்றவர்கள் பட்டியல் எங்கும் கிடைக்கும், அது காத்திருக்கட்டும். எந்தெந்தச் சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து அந்த மக்களவைத் தொகுதி ஆனது என்பதை மறுசீரமைப்பு ஆணைகளில் பாருங்கள். 1976 ஆணை 1977 முதல் 2004 வரை எல்லாத் தேர்தலுக்கும் பொருந்தும். அதன்படி நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. மாவட்டத்தின் ஏழாவது தொகுதியான கன்னியாகுமரி திருச்செந்தூரோடு சேர்ந்திருந்தது. அதாவது 1999-ல் முக்கடல் கூடும் ஊரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர் தேர்ந்தெடுத்தது திருச்செந்தூர் எம்.பி.யை! 2008-ல் திருவட்டார் சட்டமன்றத் தொகுதி நீக்கப்பட்டது, கன்னியாகுமரி உள்ளே வந்தது, மக்களவைத் தொகுதியின் பெயரும் கன்னியாகுமரி என்று மாறியது. ஆகவே 2004 ஓட்டுக் கணக்கையும் 2009 ஓட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “இந்தக் கட்சி இவ்வளவு ஏறியது” என்று எழுதிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு நிலப்பரப்பு. இந்த ஒரு விஷயத்தில் கறாராக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, அப்போது அந்த இடம் எந்த மாநிலத்தில் இருந்தது என்று பாருங்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவிலைச் சென்னை மாகாணப் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கங்களில்தான் இருக்கும். அந்தத் தேர்தலில் வென்றவர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் ஏ. நேசமணி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கோரிக்கையோடு மக்கள் அனுப்பிய குரல் அது. 1956 நவம்பர் 1-ல் அந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாக இணைந்தன. எங்கள் தொகுதியின் முதல் தேர்தலை இந்தப் பின்னணி இல்லாமல் வெறும் ஓட்டு எண்ணிக்கையாக எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எல்லையோரத் தொகுதி எதுவானாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இப்போது முடிவுகள். தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. முதல் தேர்தலிலிருந்தே இணையத்தில் கிடைக்கிறது. தொகுதிவாரிப் பக்கத்தில் வேட்பாளர் பெயர், கட்சி, பெற்ற ஓட்டு, சதவீதம் எல்லாம் இருக்கும். மொத்த வாக்காளர் எண்ணிக்கையையும் செல்லுபடியான ஓட்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 1984-க்கும் 1989-க்கும் இடையில் வாக்காளர் எண்ணிக்கை எகிறினால் மிரள வேண்டாம். 1989-ல்தான் ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18 ஆனது.

இந்த அறிக்கைகளை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? 1957-ல் பி. தாணுலிங்க நாடார், 1962-லும் 1967-லும் நேசமணி, 1971-ல் காமராஜர் என்று வரும். நடுவில் ஒரு பெரிய தேர்தலே காணாமல் போயிருக்கும். 1967-ல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தோற்ற காமராஜர் திரும்ப எழுந்த இடம் நாகர்கோவில். 1968-ல் நேசமணி மறைந்தார், 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது, காமராஜர் நின்று வென்றார். தி.மு.க. ஆட்சியில் இருந்த நேரம் அது. பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இடம்பெறாது, தனியாகத்தான் தேட வேண்டும். எனவே ஒவ்வொரு உறுப்பினரும் பதவிக்காலத்தை முடித்தாரா, இடையில் இறந்தாரா, ராஜினாமா செய்தாரா என்று மக்களவை உறுப்பினர் குறிப்பில் பார்த்துவிடுங்கள். காலி விழுந்த இடத்தில் இடைத்தேர்தல் நடந்திருக்கிறதா என்று அந்த வருடச் செய்தித்தாளில் தேடுங்கள்.

1971 முடிவையும் சற்று நின்று பாருங்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் ஸ்தாபன காங்கிரஸுக்கு (1969-ல் காங்கிரஸ் பிளந்தபோது இந்திரா காந்திக்கு எதிர்ப்பக்கம் நின்ற, காமராஜர் இருந்த பிரிவு) கிடைத்த ஒரே மக்களவை இடம் நாகர்கோவில். மாநிலம் முழுக்க ஒரு பக்கம் போன காற்றில் இந்த ஒரு தொகுதி காமராஜரைக் கைவிடவில்லை.

கட்சிப் பெயரில் கவனம் தேவை. 1977-ல் வென்ற குமரி அனந்தனை ஓரிடத்தில் ஸ்தாபன காங்கிரஸ் என்றும் இன்னோரிடத்தில் ஜனதா என்றும் பார்க்க நேரலாம். ஸ்தாபன காங்கிரஸ் அந்த வருடமே ஜனதாவில் கலந்துவிட்டதால் வரும் குழப்பம் இது. தேர்தல் நாளன்று எந்தப் பெயரில் நின்றார் என்பதை எழுதிவிட்டு, பின்னால் நடந்ததை அடைப்புக்குறியில் போடுங்கள். என். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றார். முதல் நான்கு கைச் சின்னத்தில், 1996-லும் 1998-லும் தமிழ் மாநில காங்கிரஸின் சைக்கிளில். ஆள் மாறவில்லை, கட்சி மாறியது. அட்டவணையில் சின்னத்துக்கென்று ஒரு தனி நிரல் வைத்தால் இது பார்த்தவுடன் தெரியும்.

அப்புறம், உள்ளே இருக்கும் சட்டமன்ற முடிவுகளையும் இடையிடையே செருகுங்கள். 1999-ல் பொன். ராதாகிருஷ்ணன் பா.ஜ.க.வுக்காக நாகர்கோவிலை வென்றது மக்களவைப் பட்டியலை மட்டும் பார்த்தால் திடீரென்று நடந்த மாதிரி தெரியும். ஆனால் 1996-லேயே பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் வென்று தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். கூட்டணியையும் கட்டாயம் எழுதுங்கள்: 1999-ல் பா.ஜ.க. தி.மு.க.வோடு இருந்தது. 2004-ல் அ.தி.மு.க.வோடு நின்றது, தி.மு.க. அணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின் வென்றார். நாகர்கோவில் என்ற பெயரில் நடந்த கடைசி மக்களவைத் தேர்தல் அது.

செய்தித்தாள்களுக்கு மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். எங்கள் பகுதிக்குத் தினமலரின் ஆரம்ப வருடங்கள் முக்கியம், 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பத்திரிகை அது. ஓட்டு எண்ணிக்கைக்கு மறுநாள் இதழை மட்டும் எடுத்தால் போதாது. வேட்புமனு வாபஸ் முடிந்த நாளிலிருந்து புரட்டுங்கள். யார் யாருக்காக விலகினார் என்பது அங்கேதான் இருக்கும்.

பெரியவர்களிடம் பேசும்போது வருடத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், நினைவு வராது. “மாடு-கன்று சின்னம் வந்த தேர்தலில் இங்கே என்ன நடந்தது?”, “டென்னிஸுக்கு எதிராக அப்போது யார் நின்றார்?” என்று கேளுங்கள். (மாடு-கன்று, 1971-ல் இந்திரா காந்தியின் காங்கிரஸுக்கு வந்த சின்னம்.) பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். அவர்கள் சொல்லும் ஓட்டு எண்ணிக்கையை அறிக்கையோடு ஒத்துப்பார்த்துத்தான் எழுத வேண்டும். ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது, ஏன் சாய்ந்தது என்பதை அவர்கள் சொன்னபடியே, சொன்னவரின் ஊரையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். ஆணையத்தின் எந்த அட்டவணையிலும் அது வராது.